பெயர் எழுதாத துணி

சாலை என்கிற எங்கள் கடைத்தெருவில் காலையில் முதல் வியாபாரம் நடக்கும் முன்பு யாரும் கல்லாவிலிருந்து காசு எடுத்து வெளியே கொடுக்க மாட்டார்கள். அந்த முதல் வியாபாரத்துக்கு இங்கே கைநீட்டம் என்று பெயர். ஒரு முழம் நாடா விற்றாலும் போதும், அதற்குப் பிறகு கேட்கலாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கேட்கவே கூடாது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் முகம் கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒரு சனிக்கிழமை, கடைகள் திறந்த கையோடு, ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வசூல் பெட்டியோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியைக் குலுக்கினால் சத்தமே இல்லை.

அந்தக் கூட்டத்தில் என் தங்கை மகளும் இருந்தாள். பெட்டியை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு மின்விசிறிக்கு நேராக நின்று முகத்தைத் துடைத்தாள்.

"பெரியம்மா, இந்தச் சாலைக்காரங்க இத்தற பிசுக்கா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போகச் சொல்லுகாங்க."

"பிசுக்கும் இல்ல, கஞ்சமும் இல்ல மக்கா. கைநீட்டம் ஆகல்ல. இப்பம் போயி கேட்டா சொந்த மாமனாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"அப்போ எப்போ கேக்கணும்?"

"நீ கேக்காண்டாம். நான் கேக்கேன்."

என் வாய் எப்போதும் என்னைவிட ஓரடி முன்னால் போகிற வாய். அன்றைக்குப் போன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வாரக்கணக்கில் நடந்தேன்.

எங்கள் கடை சின்னது. ரவிக்கைத் துணி, லைனிங், பாவாடை நாடா, வெள்ளை பாப்ளின். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது. மீதியைக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து படித்தேன். லைனிங் வாங்க வருகிறவர்கள் லைனிங்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவதில்லை. மருமகளைப் பற்றிச் சொல்வார்கள், மூட்டுவலியைப் பற்றிச் சொல்வார்கள். யார் எதை எந்த மாதிரிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. "மத்தவங்க கடையில சரக்கு தேங்கும், எங்க கடையில பேச்சு தேங்குது" என்பார் என் வீட்டுக்காரர்.

அப்படித் தேங்கியதில் பாதி என் தங்கையின் பேச்சு. அவள் எனக்குப் பின்னால் இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். லைனிங்குக்கு என்று தினமும் கடைக்கு வருவாள், அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு லைனிங்கை மறந்துவிட்டுப் போவாள். மார்பில் புற்றுநோய் வந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். படுக்கையில் கிடந்தபோதும் பேச்சு நிற்கவில்லை. "வலி இருக்கே அக்கா, அது சில விருந்தாளி மாதிரி. போறேன் போறேன்னு சொல்லும், செருப்ப மட்டும் போடாது" என்பாள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பச்சிலை சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் படியிறங்கியதும் என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஓ.பி. முடிஞ்சுது" என்பாள். நான் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் நிற்பேன்.

அவள் மகள் வேலை பார்க்கிற கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நடை நடக்கிறார்கள். கனகக்குன்று அரண்மனை வாசலில் தொடங்கி கிழக்கேகோட்டையில் முடியும். புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள். நடக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அந்த நோயில் தாங்கள் பறிகொடுத்த ஒருவரின் பெயரை ஒரு வெள்ளைத் துணித்துண்டில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். அந்த வருஷம் துணி எங்கள் கடையிலிருந்து. என் வீட்டுக்காரர் பாப்ளினில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார். நூல் பிடித்தாற்போலக் கிழியும். கை அகலத்துக்கு ஒரு கட்டுத் துண்டுகள் கிழித்து வைத்தார்.

தங்கை பிள்ளை முதல் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்தாள். "அம்மா பேரு நான் எழுதட்டா?" என்றாள். அவளுக்கு மலையாள எழுத்துதான் கைவசம். தமிழ் பேசுவாள், வாசிக்க எழுத்துக்கூட்டுவாள். "எந்த எழுத்துல வேணும்னாலும் எழுது" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா கடைக்குள் ஏறினார்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அதிகம் பேச மாட்டார். மகளைத் தேங்காய் வாங்க அனுப்பிவிட்டு, துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மைனி, அவ பேர எழுத வேண்டாம்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? நாகர்கோவில் மாப்பிள வீட்டுக்காரங்க அடுத்த மாசம் கல்யாண உறுதிக்கு வாறாங்க. கல்யாணம் முடியட்டும். பெறவு போஸ்டர் அடிச்சு ஒட்டினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"போஸ்டர் அடிக்க அவ என்ன எலக்ஷன்லயா நிக்கா?"

"நீங்க சிரிப்பிய. நான் தரகர்ட்ட ஹார்ட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

எனக்குத் தெரியும். சாலையில் எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. நோய்க்கு உள்ள மலையாளச் சொல்லை வைத்து 'அந்த சூக்கேடு' என்பார்கள், சொல்லும்போதே குரலைக் கீழே இறக்குவார்கள். தாய்க்கு வந்தால் மகளுக்கு வரும் என்று ஒரு பயம். அதனால் பெண்பிள்ளை இருக்கிற வீடுகளில் தாய்மார் எல்லாரும் ஹார்ட்டில் போவார்கள், காமாலையில் போவார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் வீட்டிலும் பெண்பிள்ளை உண்டு.

அந்த நாகர்கோவில் பையன் வங்கியில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஏறுவாள், பாதியில் நிற்பாள், திரும்ப இறங்குவாள், எதற்கு ஏறினோம் என்பதே மறந்துபோயிருக்கும். தாய் போனதிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அவளுக்குத் தன் அம்மா பெயரும் வேண்டும். தேங்காயோடு திரும்பி வந்தவளிடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். பேனாவை மூடினாள்.

"சாரமில்ல பெரியம்மா. அப்பா பயப்படட்டும். நான் எழுதாமத்தான் நடப்பேன்."

பரவாயில்லை என்பதற்கு இங்கே சாரமில்லை. அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு துணிக்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் கைநீட்டம் ஆகிற நேரம் பார்த்துத் தெருவில் இறங்கினேன்.

சாலையில் வசூல் என்றால் முதல் கடை முக்கியம். இரண்டாவது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்ன குடுத்தாங்க?" அதைவிட ஒரு படி குறைத்து அவர் கொடுப்பார். மூன்றாமவர் இரண்டாமவரைப் பார்ப்பார். அதனால் மனசு பெரிய ஆளாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். நான் பலசரக்கு மொத்தக்கடை அண்ணாச்சியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மல்லி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி, அதில் அவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல கஞ்சி ஊத்தணும்னா சொல்லு தங்கச்சி, அரிசி அனுப்புதேன். போர்வை வேணுமா, தாரேன். இது என்னது, ஆராய்ச்சி? அத யாரு சாப்புடுவா?"

"கஞ்சி இன்னைக்குப் படுத்துக் கிடக்கவங்களுக்கு அண்ணாச்சி. இது நாளைக்கு இன்னொருத்தருக்கு வராம இருக்கதுக்கு."

"சரி. வராம இருக்கதுக்குக் காசு குடுக்கேன். வரல்லன்னா, நம்ம காசுலதான் வரல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். வேலைக்கு நின்றவரை டீ வாங்க அனுப்பினார். அந்த ஆள் தெருவில் இறங்கிய பிறகு, "என் மூத்தவளுக்கும் அதாம்லா" என்றார்.

அவருடைய மூத்த மகள் வயிற்றில் புண் வந்து போனாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாங்களும் அப்படியே தலையாட்டியிருந்தோம்.

நான் பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். "பேரு எழுதித் தாங்க அண்ணாச்சி. நான் குத்திக்கிட்டு நடக்கேன்."

அவர் துண்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தண்ணி நனைக்காத புது வெள்ளத்துணி," என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்களிடையே செத்தவர்கள்மேல் போர்த்துவதும், செத்த வீட்டில் கொடுப்பதும் அப்படிப்பட்ட துணிதான். கோடி என்போம். உயிரோடு இருப்பவர்கள் புதுத்துணி உடுத்தினால் முந்தியின் மூலையில் கொஞ்சம் மஞ்சள் தொட்டுத்தான் உடுத்துவார்கள். அண்ணாச்சி பக்கத்திலிருந்த சாக்கில் விரலை விட்டு மஞ்சள்பொடி எடுத்தார், டீ கிளாசைக் கழுவ வைத்திருந்த தண்ணீரில் விரலை நனைத்தார், துண்டின் மூலையில் வைத்து அழுத்தினார். அதை நாலாக மடித்து, ரூபாய் நோட்டோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"அவளுக்கு ஒரு தடவ கோடி போட்டு முடிச்சாச்சு. இன்னொரு தடவ போட எனக்குத் தெம்பு இல்ல. மஞ்சத் தொட்டுத் தாரேன், நீ போட்டுக்கோ. பேரு எழுத வேண்டாம். பேத்திக்கு வரன் பாக்கோம்."

அவ்வளவுதான். அடுத்த கடை எவர்சில்வர் பாத்திரக்கடை. "அண்ணாச்சி என்ன குடுத்தாரு?" என்று கேட்டார்கள். நான் நோட்டைச் சொன்னேன், கூடவே துண்டையும் காட்டினேன். அந்தக் கடைக்காரர் ஒரு படி குறைத்துக் கொடுத்தார், உள்ளே சாமி படத்தடியில் இருந்த மஞ்சளை எடுத்து அதே மூலையில் தொட்டுப் பெயர் எழுதாமல் கொடுத்தார். அதற்கடுத்த கடை அவரைப் பார்த்தது. தெரு முழுவதும் அதே கணக்கில் போயிற்று. மஞ்சள் தொடுகிற வழக்கமே இல்லாத மலையாளி மருந்துக்கடைக்காரர்கூட, "எல்லாவரும் செய்யுந்நதல்லே" என்று, எல்லாரும் செய்வதுதானே என்கிற கணக்கில் சொல்லிவிட்டு மஞ்சள் தொட்டார்.

காசு கொடுத்தது ஒரு பக்கம். கொடுத்த ஒவ்வொருவரும் கூடவே ஒன்றைச் சொன்னார்கள். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், பிறகு சொல்வார்கள். மனைவி, அண்ணன், பெற்ற பிள்ளை. ஒருவர், "அவ கடைசியில மாம்பழம் கேட்டா, அது சீசன் இல்ல" என்று மட்டும் சொன்னார். கயிற்றுக்கடைக்காரர் தன் தம்பியைப் பற்றி, "அவன் எனக்குக் கீழ பொறந்தவன், எனக்கு மேல போயிட்டான்" என்றார். எத்தனையோ வருஷம் நூல்கண்டும் ஊசியும் மாற்றிக்கொண்ட மனிதர்கள். இவர்கள் வீட்டுக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது. பேச்சைச் சேர்த்து வைக்கிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு, இந்தப் பேச்சைச் சேர்த்து வைக்க இடம் போதவில்லை. ஆராய்ச்சி என்றால் என்ன என்று ஒவ்வொரு கடையிலும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அண்ணாச்சி கேட்ட கேள்வியை எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டார்கள். சாயங்காலம் சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. முழங்கால் ஒரு பக்கம் வலிக்கும், தொண்டை ஒரு பக்கம் வலிக்கும். வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர், "இன்னைக்கு என்ன, பேச்சே இல்ல?" என்பார். சோறு போட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

நடை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கனகக்குன்று வாசலில் பிள்ளைகள் கூட்டம். ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு பெயர். அப்பன், அம்மச்சி, சேச்சி என்று முறையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். நான் சாலைத்துண்டுகள் எல்லாவற்றையும் முந்தானையில் வரிசையாக ஊக்கு வைத்துக் குத்தியிருந்தேன். தங்கை மகள் ஒன்றே ஒன்றைக் குத்தியிருந்தாள். மூலையில் மஞ்சள், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த மஞ்சளை நான்தான் வைத்துக் கொடுத்தேன். பிள்ளை உடுத்துகிற துணியை வெறும் வெள்ளையாகக் கொடுக்க எனக்கும் கை வரவில்லை.

ஒரு பெண் வந்து என் வெறும் துண்டுகளைக் காட்டி மலையாளத்தில், "ஆன்ட்டி, பேரு எழுதான் மறந்நு போயோ?" என்று கேட்டாள்.

என் தங்கை மகள் முந்திக்கொண்டாள். "மறந்நதல்ல," என்றாள்.

பாளையம் தாண்டும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது. கிழக்கேகோட்டையில் எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவள் என் தோளில் சாய்ந்து நின்றாள். அந்தப் படம் யார் யார் போனிலோ சுற்றியது. பெயர்தான் எங்கும் இல்லையே என்று நாங்கள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் கடையில் நான் தனியாக இருந்தபோது போன் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பையனின் அம்மா. அவர்களும் வியாபாரக் குடும்பம், பாத்திரக்கடை. சாப்பாடு ஆயிற்றா, மழை உண்டா என்று இரண்டு பேரும் கொஞ்சம் பேசினோம்.

"அக்கா, ஒரு படம் பாத்தேன். என் நாத்தனார் மகளுக்கு வந்தது, அவ காட்டினா. நம்ம பிள்ள அதுல நிக்கா."

"ஆமா, ஆபீஸ்ல நடந்தாங்க."

"எல்லாரும் பேரு எழுதியிருக்காங்க. நம்ம பிள்ள எழுதல்ல. மஞ்சத் தொட்டு வச்சிருக்கா." குரலைக் கீழே இறக்கினார். "சும்மா கூட்டத்தோட நடக்கப் போனவளுக்கு அந்தத் துண்டே வேண்டாம்லா அக்கா? குத்தணும், பேரு மட்டும் எழுதக் கூடாதுன்னா, அது வீட்டுக்குள்ள உள்ள ஆளாத்தான் இருக்கும். தாயா?"

நான் தொடையில் கையை வைத்து உட்கார்ந்தேன். எழுதியிருந்தால்கூட கூட வேலை பார்க்கிற யாரோ கூட்டுக்காரியின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். மலையாளப் பிள்ளைகள் நூறு பேர் பார்த்தாலும் அவர்களுக்கு அது எழுத மறந்த துணி. ஆனால் மூலையில் மஞ்சள் வைத்து நடுவில் வெறுமையாக விட்டால், அதை வாசிக்க எங்கள் ஆட்களில் ஒரு பொம்பளை போதும். மறைப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அது அவர்களுக்கும் தெரிந்த வழி.

"ஆமா," என்றேன். "தாய்தான்."

அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் பேச வாய் கிடைத்திருக்கும். "அதச் சொல்லியிருக்கலாம்லா அக்கா. நாங்க என்ன மனுஷங்க இல்லியா?" என்றார். பிறகு, "எங்க அண்ணன் மகன் டாக்டருக்குப் படிச்சவன். இப்பம் ரத்தத்துல பாக்கலாமாம். தாய்க்கு இருந்தது மகளுக்கும் வரக்கூடிய மாதிரி இருக்கான்னு ஒரு டெஸ்ட் உண்டாம். எல்லாருக்கும் அப்படி வராதாம், சில குடும்பத்துலதானாம். அத மட்டும் பிள்ளைக்கு எடுத்துட்டா ஒரு சமாதானம். பெறவு உறுதிக்கு நாங்களே நாள் பாக்கோம்" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பாப்ளின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியை யார் சாப்பிடுவார்கள் என்று அண்ணாச்சி கேட்டாரே. அந்த டெஸ்டைக் கண்டுபிடிக்கவும் எங்கேயோ யாரோ இதே மாதிரி கடை ஏறி இறங்கித்தான் காசு சேர்த்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் உயிர் தப்பியிருப்பார்களோ தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது கல்யாணப் பேச்சில் ஒரு நிபந்தனையாக வந்து சேர்ந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்படுகிற தெம்பும் இல்லை.

சாயங்காலம் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நான்தான் கெடுத்தேன்," என்றார். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். இந்தத் தடவை ஏறவில்லை, முதல் படியிலேயே உட்கார்ந்து பேசினாள். நீளமாக ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என்ன மக்கா சொல்லுகாரு?"

"எடுத்துரு, ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டின்னு சொல்லுகாரு."

"நல்லதாத்தானே சொல்லியிருக்காரு?" என்று அவள் அப்பா மெல்லக் கேட்டார்.

"நல்லதாத்தான் சொன்னாரு அப்பா. அவரு நல்ல ஆளு." மேசையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அம்ம செத்தது ஃபார்மாலிட்டி இல்லல்லா. ரிசல்ட்டு சரியில்லன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். அப்போ பாக்கலாம்னாரு. இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கடைக்கு வெளியே லாரிக்காரர்கள் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா எழுந்து மகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் குடித்தாள். "ஆனா டெஸ்ட் எடுப்பேன் பெரியம்மா," என்றாள். "எனக்கு வேண்டி. என்ன வந்தாலும் நாகர்கோவில்ல யாருக்கும் சொல்ல மாட்டேன்." அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் துணிகளை ஒதுக்கி இடம் பண்ணி அவளை மேசையில் தலை சாய்க்க வைத்தேன். அவள் அம்மாவும் அந்த மேசையில்தான் தலை சாய்ப்பாள், தைத்துத் தைத்துக் கழுத்து வலிக்கும்போது.

டெஸ்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ரத்தம் எடுக்கும் முன்னால் ஒரு பெண் உட்கார வைத்துக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். வயசு அதிகமிருக்காது, மலையாளி, பொறுமையான பிள்ளை. யாருக்கெல்லாம் இருந்தது, எந்த வயசில், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து, இறந்தவரின் கூடப்பிறந்தவள்தானே, நீங்களும் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். அத்தனை கடை ஏறி இறங்கினேன், எனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்று ஒரு தடவையும் தோன்றவில்லை. "பாக்கலாம்," என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வங்கிப் பையனும் இதைத்தான் சொன்னான் என்பது நினைவுக்கு வந்தது.

"அம்மேடெ பேரு?" என்று அந்தப் பெண் அம்மாவின் பெயரைக் கேட்டாள்.

பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கதவுப் பக்கம் நின்றிருந்த அவள் அப்பா சொன்னார். மெல்லத்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. தமிழ்ப்பெயர், மலையாளத்தில் எப்படி எழுதுவது என்றும் அவளுக்குக் குழப்பம். "ஒந்நுகூடி பறயாமோ?" என்று இன்னொரு தடவை சொல்லக் கேட்டாள். அவர் உள்ளே வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, இனிஷியலோடு முழுப் பெயரையும் சொன்னார். எழுத்து எழுத்தாகவும் சொன்னார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். ஆறு வருஷமாக என் தங்கை அந்த வீட்டில் 'அவ' என்றுதான் இருந்தாள். நானும் 'உங்க அம்ம' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெண் எழுதி முடித்து, ஒருமுறை வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டாள். மூன்று பேரும் சேர்ந்து தலையாட்டினோம்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் நேரே எங்கள் கடைக்கு வந்து, டெஸ்டில் என்ன வந்தது என்று கேட்பார்கள். அது அந்தப் பிள்ளையின் விஷயம். என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அன்றைக்கு வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். பிள்ளை முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவின் டீயில் பாதி தட்டில் சிந்தியது. அவர் அதையும் ஊற்றிக் குடித்தார்.

"அடுத்த நடை எப்பம்?" என்று மகளிடம் கேட்டார்.

"அது வருஷத்துக்கு ஒரு தடவதான் அப்பா. இனி நிறைய நாள் இருக்கு."

"எனக்கும் ஒரு துண்டு கிழிச்சு வைக்கச் சொல்லுங்க மைனி," என்றார். "எழுதித்தான் போடுவேன்."

"அதெல்லாம் அப்பம் பாப்போம். இப்பம் வாங்க, எங்க வீட்டுக்காரரு கடைய திறந்து போட்டுட்டு ஒத்த ஆளா நிக்காரு. கைநீட்டம் ஆச்சோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் கை கொடுத்தார்கள்.